உப்புக்கு விழித்த மீன்

அத்தியாயம் 3

பொன்னழகு தரையை நக்கினான்.

முழு நாக்கால் இல்லை. அந்த அளவுக்கு அவன் இன்னும் இறங்கவில்லை. ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் தேங்கிக் கிடந்த சிவப்புத் தண்ணீரைச் சுண்டுவிரலால் தொட்டான். நுனிநாக்கில் வைத்துக் கண்ணை மூடினான். விஷமாக இருந்தால் இந்நேரம் சாய்ந்திருப்பான். சாயவில்லை. சப்புக் கொட்டினான்.

"அண்ணே, கொஞ்சம் தயிர்சாதம் கிடைக்குமா?"

"எந்திரிடா. துப்பறிய வந்தியா, திங்க வந்தியா?"

"ரெண்டுக்கும் வாய்தானே அண்ணே வேணும்."

இவன் நகைவேலைக்காரன். தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து பட்டறை அணைந்த பிறகு என்னோடு ஒட்டிக்கொண்டான். சர்க்கார் அவன் கையைக் கட்டியது. வாயைக் கட்டச் சட்டம் போட மறந்துவிட்டது. நான் சேவுகன். தேவகோட்டை கோர்ட்டில் முப்பது வருஷம் டவாலி. சாட்சிகளை வாசலில் நின்று மூன்று தரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுதான் என் படிப்பு. அந்தப் படிப்பில் ஒன்று தெரிந்துகொண்டேன். பொய் சொல்கிறவனுக்கு முதலில் வேர்ப்பது நாக்கு இல்லை, நெற்றி.

எங்களைக் கூப்பிட்டவர் தேனம்மை ஆச்சி. காரைக்குடி செக்காலையில் அவருடைய வீடு தெருவுக்குத் தெரு நீளம். இரண்டாம் கட்டில் ஒரு கூடத்தைக் குருநாதன் என்ற என்ஜினீயருக்கு விட்டிருந்தார். அந்தக் கூடத்து நடுவில், தேக்குத் தூண்களுக்கிடையே, மரத்தாங்கலின் மேல் அது படுத்திருந்தது. இரும்பு மீன். எட்டடி நீளம். வாய் உண்டு, வால் உண்டு, கண் மட்டும் இல்லை.

ஆளும் இல்லாமல் கயிறும் இல்லாமல் கடலுக்கடியில் தானே நீந்திப் போய், சங்குப் படுகைகளைப் படம் பிடித்துக்கொண்டு மூன்று மணி நேரம் கழித்து மேலே வரவேண்டும். அதற்காகச் செய்தது. இதில் பெட்ரோல் கிடையாது. வயிற்றில் ஒரு பெட்டி, பெட்டிக்குள் மக்னீசியத் தகடும் வெள்ளி உப்புப் பூசிய தகடும் மாறி மாறி. கடலில் விட்டால் மீன் வாய் வழியாக உப்புத் தண்ணீரைக் குடிக்கும். உப்பு பட்டதும் தகடுகள் விழித்துக்கொண்டு மின்சாரம் கொடுக்கும். ஒரு தரம் விழித்தால் தின்று தீர்க்கிறவரை அணைக்க முடியாது. குருநாதனின் மெக்கானிக் செம்மலை அதற்கு வைத்திருந்த பெயர் சோத்துப்பெட்டி.

திங்கட்கிழமை மண்டபம் கடற்கரையில் சோதனை. சங்குக் கம்பெனிக்காரர்கள் பார்க்க வருகிறார்கள். இருப்பது ஒரே ஒரு சோத்துப்பெட்டி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அது பத்திரமாக இருந்தது. இன்று சனிக்கிழமை காலை கூடத்தைத் திறந்தால் பெட்டி சூடு ஆறிக் கிடக்கிறது. யாரோ உப்புத் தண்ணீர் ஊற்றி எழுப்பிவிட்டார்கள். கடல் இங்கிருந்து முப்பது மைல்.

இப்போது மணி நாலு. ஆறு மணிக்குள் ஆள் யாரென்று நான் சொல்லாவிட்டால், செம்மலை மேல் குருநாதன் எழுதிவைத்த புகார் ஸ்டேஷனுக்குப் போகும்.

குருநாதன் மேஜை முன் உட்கார்ந்து பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டில் இரண்டு இட்லி, தொட்டுக்கொள்ளச் சீனி. டம்ளரில் உப்புப் போடாத மோர்.

"வயித்துப் புண்ணு," என்றார். "டாக்டர் காரமே கூடாதுன்னுட்டார்."

பொன்னழகு என் காதருகில் வந்தான். "காரைக்குடிக்கு வந்து சீனி தொட்டு இட்லி திங்கிற மனுசனை இப்பத்தாண்ணே பாக்குறேன். இவரைத்தான் முதல்ல உள்ள வைக்கணும்."

"வாயை மூடு."

சட்டைப்பையில் கைக்குட்டை புடைத்திருந்தும் குருநாதன் டவலால் வாயைத் துடைத்தார். படித்தவர். நீளமாகப் பேசினார்.

"இது ரொம்ப சிம்பிள் சேவுகன். நல்ல தண்ணியில நாள் பூரா முக்கி வச்சாலும் பெட்டி தூங்கும். உப்புத் தண்ணி வேணும். சோதனைக்காகத் தொண்டியிலேருந்து ஒரு டிரம் கடல் தண்ணி கொண்டுவந்து பின்கட்டுல பூட்டி வச்சிருந்தோம். அந்தப் பூட்டுக்கு ஒரே சாவி. அது செம்மலை இடுப்புல. வேற யாரால முடியும்?"

"அந்த டிரம்மைப் பார்க்கலாமா?"

"பார்க்க முடியாது. காலையிலேயே முத்துராமன் பூட்டை உடைச்சுக் கொட்டிட்டார்."

முத்துராமன் ஆச்சியின் கொழுந்தனார். முறைத்துக்கொண்டே நின்றார். "ஆமா, கொட்டினேன். வீட்டுக்குள்ள எதுக்குக் கடலு? தையில எம்மகளுக்குக் கலியாணம். இந்தக் கூடம் வேணும். மூணு மாசமாச் சொல்றேன், ஆச்சி காதுல விழுகல."

"கூடத்துச் சாவி உங்ககிட்ட இருக்கா?"

"வீட்டுச் சாவிக்கொத்துல எல்லாச் சாவியும் இருக்கு. அதுக்கென்ன இப்ப?"

அதுக்கென்னவா. கூடத்தைத் திறக்க மூன்று பேரால் முடியும். குருநாதன், செம்மலை, முத்துராமன். மூன்றாமவருக்கு மீன் போய்த் தொலைந்தால் சந்தோஷம். மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

குருநாதன் தரையைக் காட்டினார். "இல்லேன்னா இதையும் பாருங்க. சிவப்பா இருக்கு. ஆலத்தித் தண்ணி மாதிரி இல்ல? பெரியவங்க நல்ல எண்ணத்துல மீனுக்குச் சுத்தி ஊத்தியிருக்கலாம். நான் யாரையும் குத்தம் சொல்லல."

அதுவரை தூணோரம் நின்ற தேனம்மை ஆச்சி முன்னால் வந்தார். அறுபது வயது. குரலுக்கு முப்பது.

"இதைச் சொல்லித்தான் காலையிலேருந்து என்னை வறுக்குறாக. ஆலத்தின்னா மஞ்சளும் சுண்ணாம்பும். அதுல உப்பு எங்குட்டு இருக்கு? அதோட ஆலத்தி எடுத்தா வாசல்ல ஊத்துவாக, மீனு வாயிலயா ஊத்துவாக? எம்பேரு கெடக்கக்கூடாதுன்னுதான் உங்களைக் கூப்பிட்டு விட்டேன். அந்தப் பய செம்மலையும் அப்படிச் செய்யிறவன் இல்ல."

"ஆச்சி, ஆளுக்காகப் பேசாதீக. யாரையும் நம்பாம இருக்கத்தான் என்னைக் கூப்பிட்டீக."

"அப்ப என்னையும் நம்பலையா?"

"இல்ல."

ஆச்சி என்னை மேலும் கீழும் பார்த்தார். "காப்பி குடிக்கிறீகளா?" என்றார். அந்த அளவில் எங்களுக்குள் ஒத்துப்போயிற்று.

செம்மலை கிணற்றடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். முப்பது வயது. கை நிறையக் கிரீஸ், கண் நிறையத் தூக்கம்.

"நாளைக்கு எம்பொண்டாட்டிக்கு வளைகாப்புங்கய்யா. சிங்கம்புணரியில. நேத்து அஞ்சு மணி வண்டிக்குப் போயிட்டேன். காலையில ஆள் விட்டுக் கூப்பிட்டாக. வந்தா, நீதான்டாங்கிறாக. நாளைக்குச் சபையில அவ உக்காந்திருப்பா, நான் லாக்கப்புல உக்காந்திருப்பேன்."

"என்ஜினீயர் மேல உனக்குக் கோவம் உண்டா?"

"உண்டுங்க."

இப்படி வெளிப்படையாகச் சொல்கிறவனைக் கண்டால் எனக்குச் சந்தேகம் கூடும்.

"எதுக்கு?"

"தகடு வேகும்போது சுண்ணாம்பு மாதிரி வெள்ளைச் சகதி வரும்யா. கழிவு. அது வெளியேற ஓட்டை வாலுக்கு மேல வச்சிருக்காக. சகதி மேலேயா போகும்? அடியிலதானே தங்கும்? பின்பக்கம் அடைச்சுக்கிட்டா மீனு நடுக்கடல்ல நின்னுரும். ஓட்டையை அடியில போடுங்கன்னு நாலு தரம் சொன்னேன். 'டிசைன் பண்றது நானா நீயா'ன்னு கேட்டாக. அதுக்கு மேல என்ன பேசுறது?"

திரும்பி நடக்கும்போது பொன்னழகு சொன்னான். "கோவமும் இருக்கு, கடல் தண்ணிச் சாவியும் இருக்கு. புகாரை நாமளே கொண்டுபோய்க் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிரலாமாண்ணே?"

"பெட்டியைத் திற."

நகைவேலைக்காரனுக்கு இந்த மாதிரி வேலை என்றால் கை தானாகக் குவியும். கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு, மடியிலிருந்து சாமணம் என்ற சின்ன இடுக்கியை எடுத்துக்கொண்டு, மீன் வயிற்றுக்குள் தலையை விட்டான். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இம்புட்டு வெள்ளியாண்ணே? வெள்ளியைக் கரைக்கிறதுக்கு மீனு எதுக்கு? வீட்டோட ஒரு மாப்பிள்ளை போதுமே."

"என்ன தெரியுது, அதைச் சொல்லு."

"முன்பாதித் தகடு வெந்து சல்லடையாப் போச்சு. பின்பாதி அப்படியே புதுசு. வெள்ளைச் சகதி அடைச்சு நிக்கிது." பிறகு சாமணம் மட்டும் வெளியே வந்தது. நுனியில் ஒரு கறுப்பு உருண்டை. "அண்ணே, தொண்டிக் கடல்ல கடுகு விளையுதா?"

உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தேன். கடுகுதான். அடுத்து ஒரு மிளகாய்த் தோல் வந்தது. அடுத்து ஒரு எலுமிச்சை விதை.

"அதனாலதான் தயிர்சாதம் கேட்டேன்," என்றான் பொன்னழகு. "என் நாக்கு கோர்ட்டுல நிக்காத சாட்சி. யாரும் மதிக்கிறதில்ல."

எலுமிச்சை ஊறுகாய்த் தண்ணீர். சிவப்பும் புரிந்துபோயிற்று. ஊறுகாயில் மஞ்சள் உண்டு. செம்மலை சொன்ன வெள்ளைக் கழிவு சுண்ணாம்புக்குத் தூரத்துச் சொந்தம். மஞ்சள் அதோடு சேர்ந்தால் சிவக்காமல் என்ன செய்யும்? ஆலத்தி எடுக்காமலே ஆலத்தித் தண்ணீர்.

ஆனால் ஒன்று இடித்தது. கடல் தண்ணீர்ச் சாவியை இடுப்பில் வைத்திருப்பவன் எதற்கு ஊறுகாயைத் தேடுகிறான்? சரி, வேறு ஆள் என்றே வைத்துக்கொள்வோம். உப்புத் தண்ணீர் வேண்டுமென்றால் இரண்டு கை கல் உப்பை வாளியில் போட்டுக் கலக்கினால் முடிந்தது. உப்பை விட்டுவிட்டு ஊறுகாய்க்குப் போகிற கிறுக்கன் யார்?

அடுப்படிக்குப் போனேன். ஆச்சி காப்பி ஆற்றிக்கொண்டிருந்தார். மூலையில் இடுப்புயரத்துக்கு ஊறுகாய்ச் சாடி. பக்கத்தில் மரத்தில் குடைந்த உப்பு மரவை.

"ஆச்சி, நேத்து யாருக்காவது உப்புக் குடுத்தீகளா?"

"யாருக்கும் குடுக்கல."

சுத்தமான பதில். திரும்பிவிட்டேன். வாசல்படியில் கால் வைத்தபோது நின்றேன். கோர்ட்டில் பார்த்திருக்கிறேன். பெரிய வக்கீல்கள் தோற்றது சாட்சி பொய் சொன்னதால் இல்லை. கேள்வியைத் தப்பாகக் கேட்டதால்.

"ஆச்சி, யாராவது கேட்டாகளா?"

ஆச்சி டம்ளரைக் கீழே வைத்தார்.

ஐந்தே முக்காலுக்கு எல்லாரையும் மீனைச் சுற்றி நிறுத்தினேன். குருநாதன் கையில் புகார்க் காகிதம். செம்மலை முகத்தில் ரத்தம் இல்லை.

கடுகை மேஜைமேல் வைத்தேன். எங்கிருந்து வந்தது என்று சொன்னேன்.

"அப்ப வீட்டு ஆளுங்கதான்," என்று குருநாதன் உடனே முத்துராமனைப் பார்த்தார். "நான் அப்பவே நினைச்சேன். கூடம் வேணும்னு யார் துடிக்கிறாங்கன்னு எல்லாருக்கும் தெரியும்."

முத்துராமன் வேட்டியை மடித்துக் கட்டினார். "யாருய்யா துடிக்கிறது?"

"இருங்க செட்டியாரே. உங்க மேலதான் எனக்கும் ரொம்ப நேரம் ஆசையா இருந்துச்சு," என்றேன். "ஆனா நீங்க இந்த வீட்டு ஆளு. உப்பு வேணும்னா அடுப்படிக்குள்ள போய் மரவையில கைய விட்டு அள்ளுவீக. யாரையும் கேக்க வேண்டியதில்ல. உப்பை விட்டுட்டு ஊறுகாய்க்குப் போனவன், அடுப்படிக்குள்ள நுழைய முடியாதவன். கேட்டு வாங்கவேண்டியவன். கேட்டான். கிடைக்கல."

"ஏன் கிடைக்கல?" என்றார் முத்துராமன்.

"ஆச்சி, ஏன் குடுக்கல?"

ஆச்சிக்குக் கேள்வியே பிடிக்கவில்லை. "இதென்ன கேள்வி? விளக்கு வச்ச பொறகு யாராச்சும் உப்பை வெளிய குடுப்பாகளா? லச்சுமியை அள்ளிக் குடுக்கவா?"

"ஆச்சி மட்டுமில்ல," என்றான் பொன்னழகு. "முக்குக் கடைக்காரனே ஆறரைக்கு மேல உப்பு அளக்க மாட்டான். கடன் கேட்டாக்கூட மொகத்தைப் பாப்பான், உப்புக் கேட்டா மொகத்தையே பாக்கமாட்டான்."

"ஆக, உப்பைக் கேட்ட நேரம் விளக்கு வச்ச பிறகு. அப்ப செம்மலை எங்க? அஞ்சு மணி வண்டியில போய் சிங்கம்புணரியில இறங்கிட்டான்."

செம்மலை தூணைப் பிடித்துக்கொண்டான்.

"இது என்ன பேச்சு?" குருநாதன் சிரித்தார். சிரிப்பு வாயோடு நின்றது. "விளக்கு, லட்சுமின்னு... இதெல்லாம் எவிடன்ஸா? உப்பு கிடைக்காதவன் ஊறுகாயை மட்டும் எப்படி வாங்குவான்?"

"ஊறுகாய் குடுக்கலாம்," என்றார் ஆச்சி. "அதுக்குத் தடையில்ல. நான் குடுத்தேனே."

"யாருக்கு?"

ஆச்சியின் முகம் விரிந்தது. நாள் முழுக்க வறுபட்ட ஆள், அப்போதுதான் மலர்ந்தார்.

"இந்தா, நம்ம குருநாதனுக்குத்தான்! மூணு வருசமா எங்கையால ஒரு சொட்டு ஊறுகாய் தொட்டதில்ல. நேத்து வந்து முதல்ல உப்புக் கேட்டாக. விளக்கு வச்சாச்சு தம்பின்னேன். கொஞ்ச நேரம் நின்னு யோசிச்சாக. 'ஆச்சி, உங்க எலுமிச்சை ஊறுகாய்னா ஊரே பேசுது, எனக்கும் ஒரு தூக்கு குடுங்க, தண்ணியாவே குடுங்க'ன்னாக. எனக்குச் சந்தோசம் தாங்கல! சாடியைச் சாய்ச்சுத் தூக்கு நிறையக் குடுத்தேன். காலையில 'எப்படி இருந்துச்சு'ன்னு கேக்கலாம்னு பாத்தா, ஆலத்தின்னு எம்மேலேயே பழி போடுறாக. கோவத்துல கேக்க மறந்துட்டேன்." அவர் குருநாதன் பக்கம் திரும்பினார். "எப்படி இருந்துச்சு தம்பி?"

குருநாதன் புகார்க் காகிதத்தை மடித்தார். நெற்றியில் முத்து முத்தாக வேர்த்தது. நான் அந்த நெற்றியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கை தானாகச் சட்டைப்பைக்குள் போனது. கைக்குட்டையை எடுத்து நெற்றி, கன்னம், கண் எல்லாம் அழுத்தித் துடைத்தார்.

மறுகணம் "அய்யோ!" என்று அலறினார்.

கைக்குட்டை மஞ்சளாக இருந்தது. ஊறுகாயை அதில்தான் வடிகட்டியிருக்கிறார்; ஓரத்தில் வழிந்து போனதுதான் அந்தக் கடுகும் விதையும். அலசிக் காயப்போட்டு மறுபடி பையில் வைத்திருக்கிறார். படித்தவருக்கு மிளகாயைப் பற்றி யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

"ரெண்டு தண்ணியில அலசினா போற மிளகாய் இல்ல அது," என்றார் ஆச்சி பெருமையாக.

செம்மலைதான் ஓடிப்போய்க் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்தான். அவனே அவர் கண்ணைக் கழுவிவிட்டான். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கண் சிவந்து, மூக்கு ஒழுகி, குருநாதன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். இந்தத் தரம் நீளமாகப் பேசவில்லை.

"நாலு தரம் சொன்னான். நான் கேக்கல. ஆனா தூக்கம் வரல. அவன் ஊருக்குப் போனதும், ஒரே ஒரு நிமிஷம் ஊத்திப் பாத்து நிறுத்திரலாம்னு நினைச்சேன். நிறுத்த முடியாதுன்னு எனக்கே தெரியும். இருந்தும் ஊறுகாயை வாளித் தண்ணியில கலந்து ஊத்தினேன். ஒன்றரை மணி நேரத்துல பின்பக்கம் அடைச்சு நின்னுபோச்சு. அவன் சொன்ன அதே இடம்."

"தோத்தது தெரியக்கூடாதுன்னு ஜெயிச்சவனை ஜெயிலுக்கு அனுப்பப் பாத்தீக," என்றேன்.

அவர் தலையைத் தூக்கவில்லை. புகார்க் காகிதத்தை நாலாகக் கிழித்தார். பொன்னழகு அதை எட்டாக்கினான்.

"நீ போ செம்மலை," என்றார் குருநாதன். "கடைசி வண்டி இருக்கும். வளைகாப்புக்குப் போ. திங்கட்கிழமை நான் மண்டபம் போய் மீன் இல்லைன்னு சொல்லிக்கிறேன்."

செம்மலை போகவில்லை. மீன் வயிற்றுக்குள் கையை விட்டுத் தடவிக்கொண்டிருந்தான்.

"பின்பாதித் தகடு வேகலங்க சார்," என்றான். "சகதி மூடிக் காப்பாத்தி வச்சிருக்கு. கழுவினா புதுசுதான். மூணு மணி நேரம் ஓடாது. ஒன்றரை மணி நேரம் ஓடும். படுகை வரைக்கும் போய்த் திரும்ப அது போதும். ஓட்டையை மட்டும் அடியில போட்டுறணும். வளைகாப்பு காலையிலதான். முதல் வண்டிக்குப் போனாக்கூடப் போதும்."

குருநாதன் சிவந்த கண்ணால் அவனை ஏறிட்டுப் பார்த்தார். "எங்க போடணும்? காட்டு," என்றார்.

பொன்னழகு மடியிலிருந்து தமரை எடுத்தான். மூக்குத்திக்குத் துளை போடுகிற தமர். "நாலு வருசமாச்சு ஓட்டை போட்டு. மூக்கு இருக்கிற இடத்தைக் காட்டு செம்மலை. மீனுக்கு மூக்குத்தி போட்டே தீரணும்."

"ஒரு சின்னத் தகடை வச்சு இப்பவே சோதிச்சுப் பாத்துறலாம்," என்றான் செம்மலை. சொன்னவன் நின்றான். டிரம் நினைவுக்கு வந்துவிட்டது. கடல் தண்ணீர் காலையிலேயே சாக்கடையில் போய்விட்டது. அவன் முத்துராமனைப் பார்த்தான். முத்துராமன் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக் கூரையைப் பார்த்தார்.

கடிகாரம் ஆறேகால் காட்டியது.

தேனம்மை ஆச்சி அடுப்படிக்குப் போனார். திரும்பி வரும்போது இடுப்பில் உப்பு மரவை. கூடத்து வாசல்படியில் அதை வைத்தார்.

"விளக்கு வைக்க இன்னும் பத்து நிமிசம் இருக்கு," என்றார். "வேணுங்கிறவுக இப்பவே அள்ளிக்கங்க."